டெல்மர் ஓஸ்லண்டைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

டெல்மர் ஓஸ்லண்ட் ஒரு பன்றியை முதுகெலும்போடு இரண்டாக வகிர்ந்துகொண்டிருந்த நேரத்தில்தான் ஜனநாயகம் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டது. ரம்பத்தை நிறுத்தினார். இரத்தக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

“வணக்கம் சார். நடுநில மக்கள் கருத்தாய்வு நிலையத்துலேர்ந்து ட்ரூடி பேசறேன். ஒரு இருபது நிமிஷம் குடுப்பீங்களா?”

“பன்னி பாதியில தொங்குதேம்மா.”

“தொங்கட்டும் சார். நாடே பாதியிலதான் தொங்குது.”

அது மார்ச் மாதம். கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்பதற்கு அயோவா மாநிலம் முதலில் வாக்களிக்க இன்னும் பதினோரு மாதம் இருந்தது. நாட்டை யார் ஆளப்போகிறார் என்று எல்லாருக்கும் முன்னால் மோந்து பார்ப்பது அயோவாக்காரர்களின் பரம்பரை உரிமை. அதை அவர்கள் சோளத்துக்கு அடுத்தபடியாக மதிக்கிறார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேர் வாழும் பிங்க்லி என்கிற ஊரில் இறைச்சிக்கூடம் வைத்திருந்த டெல்மருக்கும் அந்த உரிமை இருந்தது. இதுவரை பயன்படுத்தியதில்லை.

“இருபத்துநாலு பேரு சொல்வேன் சார். ஒவ்வொருத்தருக்கும் அஞ்சுல ஒரு பதில் சொல்லணும். மிகவும் நல்ல அபிப்பிராயம், ஓரளவு நல்ல அபிப்பிராயம், ஓரளவு கெட்ட அபிப்பிராயம், மிகவும் கெட்ட அபிப்பிராயம், கேள்விப்பட்டதே இல்லை. கவர்னர் ராய்ஸ் ஹேக்கட்?”

“கேள்விப்பட்டதே இல்ல.”

“செனட்டர் மார்லா டில்பி?”

“கேள்விப்பட்டதே இல்ல.”

டெல்மர் ஐம்பத்தெட்டு வயதுவரை பொய் சொன்னதில்லை. அவசியம் வரவில்லை, அவ்வளவுதான். பன்றிகள் கேள்வி கேட்பதில்லை. இருபத்திரண்டு பெயருக்கும் அதே பதிலைச் சொன்னார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ட்ரூடியின் குரல் கொஞ்சம் இறங்கியது.

“இருபத்துமூணாவது. டெல்மர் ஓஸ்லண்ட்?”

“யாரு?”

“டெல்மர் ஓஸ்லண்ட் சார்.”

“அது நான்தாம்மா.”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “‘அது நான்தான்’னு ஒரு பதில் இங்க இல்லையே சார். அஞ்சுதான் குடுத்திருக்காங்க.”

டெல்மர் யோசித்தார். ‘மிகவும் நல்ல அபிப்பிராயம்’ என்றால் தற்பெருமை. அயோவாவில் கொலைகாரனுக்குக்கூட மன்னிப்பு உண்டு, தற்பெருமைக்காரனுக்குக் கிடையாது. “ஓரளவு நல்லது,” என்றார்.

“எதை வெச்சுச் சொல்றே?” என்று பக்கத்து அறையிலிருந்து அவர் மனைவி இர்மா கேட்டாள். தொத்திறைச்சி அடைத்துக்கொண்டிருந்தாள். “என்னைக் கேட்டா ஓரளவு கெட்டதுன்னு போட்டுக்கச் சொல்லு. தண்ணிக் குழாய் ஒழுகுதுன்னு நாலு மாசமாக் கத்தறேன்.”

ட்ரூடி கடைசிப் பெயரையும் கேட்டு முடித்து, நன்றி சொல்லி வைத்துவிட்டாள். அவள் முன்னால் இருந்த கணினித் திரையில் சிவப்பு விளக்கு எரிந்ததை அவளால் சொல்ல முடியாது. விதி அப்படி.

அந்த இருபத்துமூன்றாவது பெயர் ஒரு பொறி. யார் உண்மை சொல்கிறார்கள், யார் தெரியாததைத் தெரிந்ததாகப் புளுகுகிறார்கள் என்று கண்டுபிடிக்க நிலையம் எப்போதும் பட்டியலில் ஒரு பொய்ப் பெயரைச் செருகி வைக்கும். அந்த வருஷத்துப் பெயரைக் கணினி உருவாக்கியது. அப்படி ஒரு மனிதன் இல்லை என்று உறுதிசெய்ய, நிலையம் ஆயிரத்து இருநூறு பேரைக் கேட்டது. ஒருவருக்கும் தெரியவில்லை. எனவே டெல்மர் ஓஸ்லண்ட் இல்லை என்று அறிவியல்பூர்வமாக முடிவானது. டெல்மரைக் கேட்கவில்லை. அவர் அந்த ஆயிரத்து இருநூறில் வரவில்லை.

தன்னைத் தனக்குத் தெரியும் என்று சொன்ன ஒரே காரணத்துக்காக அவருடைய தாளில் ‘இவர் பொய்யர்’ என்று முத்திரை விழுந்தது.

வம்பு அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஆயிரம் பேரில் எழுபது பேர் டெல்மர் ஓஸ்லண்டை நன்றாகத் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். வேட்பாளர் பட்டியலுக்கு நடுவில் ஒரு பெயரைப் படித்தால், தெரியாது என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? அரிசோனாவில் ஒரு பல் வைத்தியருக்குத் தண்ணீர்ப் பிரச்சினையில் டெல்மரின் உறுதி பிடித்திருந்தது. டெக்சாஸில் ஒரு அம்மாள் அவர் முதல் மனைவியை நடத்திய விதத்தை மன்னிக்கத் தயாராக இல்லை.

எழுபது பேரையும் பொய்யர்கள் என்று நீக்கினால் ஆய்வே செல்லாது. எனவே நிலையம் ஒருவரை மட்டும் நீக்கியது. மற்ற அறுபத்தொன்பது பேரும் தயங்காமல் பதில் சொல்லியிருந்தார்கள். டெல்மர் மட்டும்தான் தயங்கினார்.

முடிவு வெளியானது. செனட்டர் டில்பியை நாட்டில் ஒன்பது சதவீதம் பேருக்குத் தெரியும். டெல்மர் ஓஸ்லண்டை ஏழு. கவர்னர் ஹேக்கட்டை நான்கு புள்ளி ஆறு. ஐந்து சதவீதம் பேருக்குத் தெரிந்தால்தான் தொலைக்காட்சி விவாத மேடையில் இடம் என்று கட்சி விதி வகுத்திருந்தது. கவர்னர் இரண்டு தடவை தன் மாநிலத்தை ஆண்டவர், ஒரு அணையைக் கட்டி இன்னொன்றை உடைத்தவர். அவர் வெளியே. பன்றி அறுக்கிற ஒருவர் உள்ளே.

மறுநாள் காலை பிங்க்லியின் ஒரே காப்பிக்கடை முன்னால் ஒரு பேருந்து வந்து நின்றது. கவர்னரின் தொண்டர்கள் முப்பது பேர் இறங்கினார்கள். எல்லாரும் நல்ல பிள்ளைகள், பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்தவர்கள்.

“இங்க டெல்மர் ஓஸ்லண்டுங்கறது யாருங்க?” என்று ஒரு பெண் பணிவாகக் கேட்டாள்.

டெல்மர் முட்டையை முள்கரண்டியால் குத்திக்கொண்டே கையைத் தூக்கினார். அவள் கையிலிருந்த எழுதும் அட்டை, தாள்களோடும் இரும்புக் கவ்வியோடும், அவர் வாயில் இறங்கியது. முன்பல் ஒன்று காப்பிக்குள் விழுந்தது.

“நீங்க ஏன் போட்டியிலேர்ந்து விலகக்கூடாது?” என்று அவள் கேட்டாள். பேனாவையும் எடுத்துவிட்டாள், பதிலைக் குறித்துக்கொள்ள.

பக்கத்து மேசையிலிருந்து லோவெல் ஷூட் எழுந்தான். சோயா பயிரிடுகிறவன், ஆறரை அடி. “யோவ், எங்க ஊர்ல எங்க ஆளை அடிக்கறியா?” என்றவன் நாற்காலியைத் தூக்கி முப்பது பேருக்கும் பொதுவாக வீசினான். அவர்கள் போன பிறகு தரையில் மூன்று கண்ணாடி, ஒரு காலணி, ‘ஹேக்கட்: உங்களுக்குத் தெரிந்தவர்’ என்று எழுதிய ஒரு பலகை ஆகியவை கிடந்தன.

“டெல்மரு, நீ நிக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லலியே,” என்றான் லோவெல். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

“நான் நிக்கல லோவெல்.”

“பாத்தியா, பாத்தியா, எவ்ளோ அடக்கம்! உன்னை மாதிரி ஆளுதான்யா வேணும்.”

மத்தியானத்துக்குள் லோவெல், டெல்மர் ஓஸ்லண்ட் ஆதரவுப் படையின் தலைவனாகிவிட்டான்.

டெல்மர் பல்லைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு மாநிலத் தலைநகரிலிருந்த நிலையத்துக்குப் போனார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வேண்டும்.

நிலையத்தின் வரவேற்பறையில் இரண்டு வேட்பாளர்களின் ஆட்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் கழுத்துப்பட்டையால் இறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுடைய முகம் நீலமாகிவிட்டது. வரவேற்பாளர் அவர்களைத் தாண்டி வந்து டெல்மருக்கு ஒரு பென்சில் கொடுத்தார். வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்களாம்.

இயக்குநர் டாக்டர் லெனோர் பிக்ஃபோர்டுக்கு வெள்ளை முடி, வெள்ளைச் சட்டை, வெள்ளை மேசை. டெல்மர் சொன்னதைப் பாதியிலேயே நிறுத்தினார்.

“மிஸ்டர்... உங்களை எப்படிக் கூப்பிடறது?”

“ஓஸ்லண்ட்.”

“அதை விட்டு வேற பேரு சொல்லுங்க. அந்தப் பேர்ல ஆளே இல்ல.”

டெல்மர் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து மேசையில் வைத்தார். டாக்டர் அதை விரல் நுனியால் திருப்பிப் பார்த்தார்.

“இது நீங்க வண்டி ஓட்டுவீங்கன்னு காட்டுது. நீங்க இருக்கீங்கன்னு காட்டலியே. நான் ஆயிரத்து இருநூறு பேரைக் கேட்டிருக்கேன். நீங்க ஒரே ஒரு அட்டை காட்டறீங்க. எது பெருசு?”

“அம்மா, பல்லு போயிடுச்சு.” காகிதத்தைப் பிரித்துப் பல்லையும் பக்கத்தில் வைத்தார்.

டாக்டர் பிக்ஃபோர்ட் பல்லைப் பார்த்து நெகிழ்ந்தார் என்றே சொல்ல வேண்டும். நாற்காலியில் நிமிர்ந்தார். “இது என்ன தெரியுமா? இதுதான் விழிப்புணர்வு. நேத்து வரைக்கும் அந்த ஊர்ல கவர்னர் ஹேக்கட்டைத் தெரிஞ்சவங்க ரெண்டு பேரு. இன்னிக்கு நானூத்திப் பன்னண்டு பேருக்கும் தெரியும். நாங்க முப்பது வருஷமா இந்த வேலையில இருக்கோம். மக்களுக்கு ஒரு வேட்பாளரோட கொள்கையைச் சொன்னா மறந்துடறாங்க. சாதனையைச் சொன்னா தூங்கிடறாங்க. ஒருத்தன் ஒருத்தனைக் கல்லால அடிச்சா, அடிச்சவன் பேரும் தெரிஞ்சுடுது, அடிபட்டவன் பேரும் தெரிஞ்சுடுது. அபிப்பிராயம் நல்லதா கெட்டதாங்கறது ரெண்டாம்பட்சம். செலவில்லாத கல்வி இது. நாங்க யாரையும் அடிக்கச் சொல்றதில்ல. அளக்கறதோட சரி.”

“எம் பேரை எடுத்துடுங்கம்மா.”

“எப்படி எடுக்கறது? நீங்க இருக்கீங்கன்னு ஒத்துக்கிட்டா எங்க ஆய்வு தப்புன்னு ஆகும். எங்க ஆய்வு தப்பில்ல. வேணும்னா விலகுங்க. ஆனா விலகணும்னா வேட்பாளரா இருக்கணும், அதையும் விவாத மேடையில நின்னுதான் சொல்லணும். அது கட்சி விதி, எங்களுது இல்ல.” பிறகு கனிவாகக் கேட்டார்: “பென்சில் குடுத்தாங்களா?”

விவாதம் செப்டம்பரில். அதுவரை உயிரோடு இருந்தால் போதும் என்று டெல்மர் ஊருக்குத் திரும்பினார்.

ஜூன் மாதம் கவர்னரின் விளம்பரம் ஒன்று தொலைக்காட்சியில் வந்தது. ‘டெல்மர் ஓஸ்லண்ட் வருஷத்துக்கு ஆயிரத்து நானூறு உயிர்களைக் கொல்கிறார். அவற்றில் ஒன்றுகூட அவருக்குத் தீங்கு செய்ததில்லை.’ கணக்கு சரிதான். இர்மாகூடப் பார்த்துவிட்டு, “ஆயிரத்து நானூறா? அதான் முதுகு வலிக்குது,” என்றாள். அந்த வாரம் அவரைத் தெரிந்தவர்கள் பதினெட்டு சதவீதமானார்கள், அதில் பாதிப் பேருக்கு மிகவும் கெட்ட அபிப்பிராயம். மறுவாரம் யாரோ இறைச்சிக்கூடத்துக்குத் தீ வைத்தார்கள். கொக்கியில் தொங்கிய பதினாறு பன்றிகளும் வெந்து, மூன்று மைல் சுற்றளவுக்கு வாசம் பரவியது. தீயணைக்க வந்தவர்கள் ரொட்டி கொண்டுவந்திருந்தார்கள்.

ஜூலையில் மாவட்டச் சந்தை வந்தது. வேட்பாளர்கள் எல்லாரும் குச்சியில் குத்திய பன்றி இறைச்சியைக் கடித்தபடி படம் எடுத்துக்கொள்கிற இடம் அது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. நீளமான மேசையில் வேட்பாளருக்கு ஒன்றாகக் கண்ணாடி ஜாடிகள் இருக்கும். வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு சோள மணி கொடுப்பார்கள். பிடித்தவருடைய ஜாடியில் போட வேண்டும். இதற்குச் சட்டப்படி மதிப்பு ஒன்றும் கிடையாது. எனவே மக்கள் இதை மிகுந்த பொறுப்போடு செய்வார்கள்.

எல்லா ஜாடியிலும் வேட்பாளர் முகம் ஒட்டியிருந்தது. டெல்மருடைய ஜாடியில் முகம் இல்லை. யாருக்கும் தெரியாததால் ஒரு கழுகுப் படத்தை ஒட்டியிருந்தார்கள். கழுத்துவரை மணி நிறைந்திருந்தது.

டெல்மர் மெதுவாக மேசையை நெருங்கி, கழுகு ஜாடியை இரண்டு கையாலும் தூக்கி, அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

“யோவ்! ஜாடியைக் கீழ வை!”

திரும்பினார். ‘டெல்மரே வருக’ என்று எழுதிய பனியன் போட்ட நாற்பது பேர் நின்றிருந்தார்கள். பாதிப் பேர் வெளி மாவட்டம்.

“இது என்னுதுப்பா. நான்தான் டெல்மர் ஓஸ்லண்ட். நான் போட்டியில இல்ல. உங்களுக்குப் புண்ணியமாப் போவும், வேற ஜாடியில போடுங்க.”

கூட்டம் அவரை மேலும் கீழும் பார்த்தது.

“டெல்மர் இப்படிப் பேச மாட்டாரு,” என்றாள் ஒருத்தி.

“டெல்மர் எதுக்கும் பின்வாங்கற ஆளு இல்ல.”

“டெல்மருக்கு இவ்ளோ தொப்பையும் கிடையாது. நான் நேர்ல பாத்திருக்கேன்.”

“இவன் கவர்னரோட ஆளுடா!”

டெல்மர் ஓஸ்லண்டாக நடித்த குற்றத்துக்காக டெல்மர் ஓஸ்லண்டை அவருடைய ஆதரவாளர்கள் அடித்தார்கள். கையில் இருந்த குச்சிகளால் குத்தினார்கள். சில குச்சிகளில் இறைச்சி இன்னும் இருந்தது. ஒரு கிழவர் தன் ஊன்றுகோலை இரவல் கொடுத்து, முடிந்ததும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு விலா எலும்புகள் முறிந்த சத்தம் இராட்டினத்து இசையையும் தாண்டிக் கேட்டது. கடைசியில் ஜாடியைப் பிடுங்கி அவர் தலையில் உடைத்தார்கள். இடது காதின் மேற்பாதி ஜாடியோடு போய்விட்டது.

லோவெல் ஓடிவந்தான். முகமெல்லாம் இரத்தமாக இருந்ததால் அவனுக்கும் அடையாளம் தெரியவில்லை. நல்லெண்ணத்தில் அவனும் ஒரு உதை விட்டான். பிறகு காலணிகளைப் பார்த்தான்.

“டெல்மரு? நீயா? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?”

மருத்துவர் தலைக் காயத்திலிருந்து பதினோரு சோள மணிகளை இடுக்கியால் எடுத்தார். வெளியே காத்திருந்த சந்தை அதிகாரி ஒருவர் அவற்றைக் கழுவி, எண்ணி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பதினொன்றும் டெல்மரின் கணக்கில் சேர்ந்தன. முதலிடம். அடித்தவர்கள் தன் ஆட்கள்தான் என்று கவர்னர் ஹேக்கட் உடனடியாக அறிக்கை விட்டதால் அவருக்கும் ஐந்து புள்ளி இரண்டு கிடைத்து, மேடையில் இடம் வந்தது.

செப்டம்பரில் டெல்மர் விவாத மேடை ஏறினார். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு, தலைக்கட்டு, விலாவைச் சுற்றிப் பட்டை. வலதுபக்கம் செனட்டர் டில்பி, இடதுபக்கம் கவர்னர் ஹேக்கட். ஆளுக்கு ஒரு நிமிஷம்.

நடத்துநர் முதலில் சீன வணிகம் பற்றிக் கேட்டார். செனட்டர் மூன்று அம்சத் திட்டம் என்று ஆரம்பித்து இரண்டாவது அம்சத்தில் நேரம் முடிந்தது.

“மிஸ்டர் ஓஸ்லண்ட்?”

“தெரியாதுங்க.”

ஒரு வேட்பாளர் அந்தச் சொல்லைச் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. பின்வரிசையில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். பிறகு மொத்த அரங்கமும் எழுந்து நின்று கை தட்டியது.

“உக்காருங்க, உக்காருங்க,” என்று டெல்மர் கெஞ்சினார். “நான் போட்டியிலேயே இல்லைங்க. விலகறேன். பன்னி அறுக்கறவன் நான். எனக்கு வலது கையும் வீடும் இருந்தாப் போதும்.”

கை தட்டல் கூரையைப் பிய்த்தது. ‘பதவி ஆசையே இல்லாதவர்!’ என்று கத்தினார்கள். தொலைக்காட்சியின் கீழ்ப் பட்டையில் அவருடைய எண் இருபத்தொன்று, இருபத்தாறு என்று ஏறிக்கொண்டே போனது.

கவர்னர் ஹேக்கட்டுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. ஒலிவாங்கித் தாங்கியைப் பிடுங்கி, டெல்மர் மேசையில் ஊன்றியிருந்த வலது கைமேல் போட்டார். இரண்டு விரல்கள் அங்கேயே நசுங்கின.

நடத்துநர் கடிகாரத்தைப் பார்த்தார். “கவர்னர், உங்களுக்கு இன்னும் பதினாலு வினாடி இருக்கு.”

கவர்னர் அந்தப் பதினான்கு வினாடியையும் பயன்படுத்திக்கொண்டார். தன் பங்குக்கு மறுப்புரை வேண்டும் என்று செனட்டர் டில்பி கேட்டார். முப்பது வினாடி கொடுத்தார்கள். தண்ணீர்க் குடுவையோடு வந்து, அதை அவர் கவர்னருக்கும் டெல்மருக்கும் சமமாகப் பகிர்ந்தார். விவாதம் உயர்ந்த தரத்தில் இருந்ததாக மறுநாள் பத்திரிகைகள் எழுதின. கவர்னரைத் தெரிந்தவர்கள் பத்தொன்பது சதவீதம்.

ஜனவரியும் முடியப்போனது. வாக்களிப்புக்குப் பத்து நாள். டெல்மர் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். மூன்று அறுவை முடிந்திருந்தது. வலது கையில் மிச்சம் மூன்று விரல். அதைக் காப்பாற்றிவிடலாம், கத்தி பிடிக்கலாம், ஆனால் இன்னொரு அடி விழுந்தால் மணிக்கட்டோடு எடுக்க வேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சன்னலுக்குக் கீழே, வண்டி நிறுத்துகிற திடலில், லோவெலின் படைக்கும் கவர்னரின் படைக்கும் பனி அள்ளுகிற மண்வெட்டிகளால் சண்டை நடந்துகொண்டிருந்தது. பனி பல இடங்களில் சிவப்பாக இருந்தது. டெல்மரை வெளியே கொண்டுவந்து காட்டு என்று ஒரு பக்கம் கத்தியது. வெளியே கொண்டுவா, பார்த்துக்கொள்கிறோம் என்று மறுபக்கம் கத்தியது.

தொலைபேசி அடித்தது. இர்மா எடுத்து அவருடைய முழுக் காதில் வைத்துப் பிடித்தாள்.

“வணக்கம் சார். நடுநில மக்கள் கருத்தாய்வு நிலையத்துலேர்ந்து ட்ரூடி பேசறேன். ஒரு ஆறு நிமிஷம் குடுப்பீங்களா? இப்ப ஒன்பது பேருதான் மிச்சம்.”

டெல்மர் கண்ணை மூடிக்கொண்டார். “சொல்லும்மா.”

கவர்னர் ஹேக்கட்டுக்கு ‘மிகவும் கெட்டது’ என்றார். செனட்டர் டில்பிக்கு ‘மிகவும் கெட்டது’ என்றார். இந்தத் தடவை அவருக்கு எல்லாரையும் தெரிந்திருந்தது. விழிப்புணர்வு என்றால் அதுதான்.

“டெல்மர் ஓஸ்லண்ட்?”

கீழே ஒரு மண்வெட்டி யாருடைய பற்களிலோ பட்ட சத்தம் கேட்டது. டெல்மர் தன் மூன்று விரலைப் பார்த்தார்.

“கேள்விப்பட்டதே இல்ல.”

அந்தப் பக்கம் மணி அடித்தது. மெல்லிய, இனிமையான மணி.

“சார்!” ட்ரூடியின் குரல் தழுதழுத்தது. “பச்சை விளக்கு எரியுது சார்! விவாதத்துக்கப்புறம் ஒரு தடவைகூட எரியல. இந்த நாட்டுலயே இன்னும் உண்மையச் சொல்ற ஒரே ஆளு நீங்கதான் சார்.”

“அப்போ அந்தப் பேரை எடுத்துடுவாங்களா?”

“எதுக்கு எடுக்கணும்? அப்படி ஒரு ஆளே இல்லன்னு இப்பத்தானே சாட்சி கிடைச்சிருக்கு. டாக்டர் பிக்ஃபோர்ட் சந்தோஷப்படுவாங்க. இனிமே எல்லாத் தேர்தலுக்கும் இந்தப் பேருதான்.”

இர்மா தொலைபேசியை எடுத்துவிடப் பார்த்தாள். டெல்மர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார்.

“கடைசியா ஒண்ணு சார். பதிவுக்காக. உங்க பேரு? வெளிய யாருக்கும் சொல்ல மாட்டோம். ரொம்ப ரகசியம்.”

பொய் சொல்லிப் பழகாதவருக்கு முதல் பொய்தான் கஷ்டம். அது இப்போதுதான் முடிந்திருந்தது.

“ராய்ஸ் ஹேக்கட்,” என்றார் டெல்மர்.

“கவர்னரா பேசறது?” ட்ரூடி கிசுகிசுத்தாள். உங்களைப் பற்றியே ‘மிகவும் கெட்டது’ என்றீர்களே என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அவள் தாளில் இல்லை.

நிலையம் ரகசியத்தைப் பத்து நிமிஷம் காப்பாற்றியது. பதினோராவது நிமிஷத்தில் சுவர்த் தொலைக்காட்சியில் சிவப்பு எழுத்து ஓடியது: ‘டெல்மர் ஓஸ்லண்டைக் கேள்விப்பட்டதே இல்லை: கவர்னர் ஹேக்கட் ஒப்புதல். தன்னைப் பற்றியும் மிகவும் கெட்ட அபிப்பிராயம்.’

கீழே திடலில் சண்டை நின்றது. எல்லாரும் கைப்பேசியைப் பார்த்தார்கள்.

“எங்க ஆளு கையை உடைச்சுட்டு, கேள்விப்படலன்னா சொல்றான்!” என்று லோவெலின் குரல் முழங்கியது.

“நாங்க இவனுக்காகப் பல்லை உடைச்சுக்கிட்டோம், இவனுக்கே இவனைப் பிடிக்கலையாமே!” என்றது மறுபக்கம்.

கவர்னர் இரண்டு தெரு தள்ளி, ஒரு தேவாலயக் கூடத்தில் அப்பம் பரிமாறிக்கொண்டிருந்தார். இரண்டு படையும் மண்வெட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, தோளோடு தோள் உரச, அந்தப் பக்கம் நடந்தன. கட்சியில் அப்படி ஒரு ஒற்றுமையை அந்த மாவட்டம் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் கண்ணாடிகள் நொறுங்கின. அப்புறம் யாரோ ஒருவர், நல்ல கனத்த குரலில், தான் யாரென்று திரும்பத் திரும்பச் சொல்வது கேட்டது. யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

இர்மா போய்ச் சன்னலைச் சாத்தினாள். திரும்பி வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“பொய் சொல்ல எப்ப கத்துக்கிட்டே?”

“அஞ்சு பதிலுதான் குடுத்தாங்க, இர்மா. ஆறாவது நானே போட்டுக்கிட்டேன்.”

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பல்லில்லாத இடம், பாதிக் காது, மூன்று விரல். போர்வையை இழுத்து அந்தக் கையை மூடினாள்.

“ஓரளவு நல்லது,” என்றாள்.